சென்னைக்கு ஒரு நாள்: தனியே போய் வரப் பழகுவோம்



1991-ஆம் ஆண்டு, எனக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு மதராஸிலிருந்து கடிதம் வந்தது. அன்று நாமக்கல்லில் ரயில் கிடையாது. பேருந்தில் சேலம் வந்து, இரவு ரயிலேறி, காலையில் சென்ட்ரலில் இறங்கினேன். காலை பத்து மணிக்குத் தேர்வு. கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, "மவுண்ட் ரோடு" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் மனதில் வைத்துப் போயிருந்தேன். நம் ஊர்க் கடைவீதி மாதிரி ஒரு தெரு என்று நினைப்பு. பல்லவன் பேருந்தில் கிண்டிப் பக்கம் போய் இறங்கியபோதுதான் அது எத்தனை நீளமான சாலை என்று தெரிந்தது. விசாரித்து விசாரித்து அலுவலகத்தை அடைந்தபோது மணி பதினொன்றேகால். அழைப்பு முடிந்துவிட்டது என்றார்கள். தவறு முழுக்க என்னுடையது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் பிள்ளைகளில் பலர் நன்றாகப் படித்தவர்கள். ஆனால் "சென்னையில் நேர்முகத் தேர்வு, தனியே போகத் தெரியாது" என்று வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள். சிலர் சான்றிதழ் வேலைக்கு இடைத்தரகரிடம் பணம் கொடுக்கிறார்கள். பெருநகரத்துக்கு முதன்முதலாகப் போகும் நாளே வாழ்க்கையின் முக்கியமான நாளாகவும் இருந்தால் பதற்றம் இரட்டிப்பாகும். ஆகவே, எந்த வேலையும் இல்லாத ஒரு நாளில் ஒருமுறை போய் வந்துவிட வேண்டும். இதை ஒத்திகைப் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

மார்க்கம் சொல்வது

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். பயணத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது என்பது முன்னேற்பாடுதான். இரவில் தன்னந்தனியே பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும் ஹதீஸில் உள்ளது. ஆளரவமற்ற வழியின் தனிமையும், பயணிகள் நிறைந்த ரயில் பெட்டியும் ஒன்றல்ல என்று ஆலிம்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். உலகம் சுற்றிய இப்னு பதூதா 1325-இல் தம் ஊரான தான்ஜியரிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 21. துணைக்கு யாருமில்லை. பின்னாளில் அவர் நம் மதுரை வரை வந்து சேர்ந்தார்.

தொழுகையைப் பொறுத்தவரை, ஹனஃபி மத்ஹபின்படி ஏறத்தாழ 78 கி.மீ. தூரத்துக்குப் புறப்படுபவர் முஸாஃபிர் ஆவார். சேலத்திலிருந்து சென்னை ரயிலில் சுமார் 335 கி.மீ. எனவே லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழ வேண்டும். பஜ்ர், மஃரிபில் மாற்றமில்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினருக்குச் சேர்த்துத் தொழும் சலுகையும் உண்டு.

பெண் பிள்ளைகளின் பயணம் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு தூரத்துக்கு மஹ்ரம் துணை வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இக்கால ஆலிம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. உங்கள் ஜமாஅத் இமாமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் அத்தாவோ அண்ணனோ கூடப் போனாலும் பயணத்தை நடத்துவது மகளாக இருக்கட்டும். பயணச்சீட்டு எடுப்பதும், வழி கேட்பதும், கணக்கு எழுதுவதும் அவள் பொறுப்பு. அத்தா பின்னால் நடந்து வரட்டும். நாமக்கல் பிள்ளைகள் முதலில் சேலம் வரை போய் வந்தும் பழகலாம்.

புறப்படும் முன்

ஈரோட்டிலிருந்து சேலம் வழியாக இரவில் செல்லும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் அதிகாலையில் சென்ட்ரல் சேருகிறது. அதே பெயருள்ள வண்டி இரவில் அங்கிருந்து திரும்புகிறது. போகவர இரண்டு இரவும் ரயிலிலேயே கழிவதால் அறை வாடகை இல்லை. சேலம் - கரூர் ரயில் பாதை 2013-இல் திறக்கப்பட்ட பிறகு நாமக்கல்லுக்கும் சென்னை ரயில் உண்டு. நேரம் மாறக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். போகும் சீட்டும் திரும்பும் சீட்டும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். பேருந்தில் போனால், 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்க நேரிடும். அங்கிருந்து நகருக்குள் போக நேரமும் செலவும் தனியே ஆகும்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதி சட்டைப்பையில் வையுங்கள்: போகும் இடத்தின் முழு முகவரி, அருகிலுள்ள மெட்ரோ நிலையம், வீட்டு எண், திரும்பும் ரயிலின் பெயரும் நேரமும். கைப்பேசி அணைந்துபோனாலும் தாள் அணையாது. என்னிடம் அன்று இந்தத் தாள் இருந்திருந்தால் போதும்.

பணத்தை நான்காகப் பிரியுங்கள்: பயணச்சீட்டு, நகருக்குள் போக்குவரத்து, உணவு, அவசரம். அவசரப் பணம் முன்பதிவில்லாப் பெட்டியில் ஊர் திரும்பும் அளவுக்காவது இருக்க வேண்டும். அதை வேறொரு பையில் வையுங்கள். வீடு வந்து சேரும் வரை அதைத் தொடாதீர்கள்.

சென்னையில் அந்த நாள்

சென்ட்ரலுக்கு அருகே பெரியமேடு பள்ளிவாசல் இருக்கிறது. பஜ்ர் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு நகருக்குள் போகலாம். பையை நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டால் கைவீசி நடக்கலாம். காலை உணவுக்கு அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

நகருக்குள் மெட்ரோ ரயில் எளிது. கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50 ரூபாய். சென்ட்ரலில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கின்றன. பச்சைத் தடத்தில் அடுத்த நிலையம் எழும்பூர். அங்கே 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். நீலத் தடத்தில் போனால் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு என்று அண்ணா சாலையை ஒட்டியே நிலையங்கள் வரும். நான் 1991-இல் தேடி அலைந்த மவுண்ட் ரோடு இதுதான்.

லுஹருக்குத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குப் போங்கள். 1795-இல் கட்டப்பட்டது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு துஆ செய்துவிட்டு, மாலையில் மெரினாவில் உட்காரலாம். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

வழி கேட்பதில் ஒரு முறை உண்டு. கடைக்காரரிடமோ சீருடையில் இருப்பவரிடமோ கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தானாக வந்து "நான் கூட்டிப்போகிறேன்" என்பவரிடம் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். அவசரத்துக்கு 112, ரயில் உதவிக்கு 139, பெண்களுக்கு 181. காலை, மதியம், மாலை என்று மூன்று முறை வீட்டுக்குப் பேசுங்கள். திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள்.

பெற்றோருக்கு

அந்த ஒரு நாள் உங்களுக்குக் கடினமாக இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டு "எங்கே இருக்கிறாய்" என்று கேட்காதீர்கள். பிள்ளை வழி தவறி, தானே கேட்டுத் திரும்பி வந்தால் அதுதான் அந்தப் பயணத்தின் லாபம். ஒத்திகையில் வழி தவறினால் ஒரு மணி நேரம்தான் போகும். எனக்குப் போனது ஒரு வேலை.

பயிற்சி

1. உங்கள் வீட்டிலிருந்து சென்ட்ரல் வரை போகவர ஆகும் செலவைப் பிள்ளையே எழுதட்டும்.
2. மேலே சொன்ன நான்கு வரித் தாளைத் தயாரிக்கட்டும்.
3. வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவைப் பொருளோடு மனனம் செய்யட்டும்.
4. திரும்பி வந்ததும் செலவுக் கணக்கையும், எங்கே தடுமாறினோம் என்பதையும் ஒரு பக்கம் எழுதட்டும். அடுத்துப் போகும் தம்பி தங்கைகளுக்கு அது உதவும். அந்தப் பக்கத்தை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்தால் கோப்பில் சேர்த்து வைப்போம்.

நம் பிள்ளைகள் நலமாகப் போய் நலமாகத் திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

— செயலாளர்