கல்விக் கடனும் பரீட்சைக் கணக்கும்



நம் வியாபாரிகளின் பிள்ளைகள் இன்று ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும், கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலும், தஞ்சோங் மாலிம் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து படிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அவர்களில் பலர் பி.டி.பி.டி.என். கடனை நம்பியே படிக்கிறார்கள். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அது. வட்டி என்று அஞ்சியவர்களும் இப்போது வருடத்துக்கு 1 சதவிகித உஜ்ரா என்ற முறையில் மனச்சமாதானத்துடன் வாங்குகிறார்கள்.

ஆனால் கடன் கிடைத்ததும் காரியம் முடிந்தது என்று நம்மவர் நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பணம் ஒரே தடவையில் கொடுத்துவிடும் பணம் அல்ல. பருவந்தோறும், அதாவது செமஸ்டருக்குச் செமஸ்டர், பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் பணம். சராசரிப் புள்ளி 2.00 என்பது கோடு. அதற்குக் கீழே இறங்கினால் அடுத்த தவணை நின்றுவிடும். மறுபடி கோட்டைத் தொட்டால்தான் பணம் வரும். அதுவரையில் கல்லூரிக் கட்டணமும் தங்கும் அறை வாடகையும் யார் கையிலிருந்து வரும்? நம் கல்லாப்பெட்டியிலிருந்துதான்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்லாஹு தஆலா கட்டளையிடும் ஆயத்து, சூரத்துல் பகராவின் 282-ஆவது. குர்ஆன் ஷரீபிலேயே மிக நீண்ட ஆயத்து அதுதான் என்பது மத்ரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். எழுதச் சொன்னது படித்துப் பார்ப்பதற்குத்தானே? பிள்ளை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எத்தனை வாப்பாமார் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்திருக்கிறோம்? மலாய் வாசகம் கடினமாக இருந்தால் பிள்ளையையே உட்காரவைத்து வாசித்துச் சொல்லச் சொல்லலாம். அவனுக்கும் அது பாடமாகும்.

இனி அந்தச் சராசரிப் புள்ளி எப்படி வருகிறது என்று பார்ப்போம். இது பெரிய வித்தை அல்ல. அரிசி கலந்து விலை போடத் தெரிந்தவனுக்கு இது தெரியும்.

பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கனம் உண்டு. அதைக் கிரெடிட் என்பார்கள். மார்க்குக்குப் புள்ளி உண்டு: ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2, டி என்றால் 1, எஃப் என்றால் பூஜ்யம். இடையில் பிளஸ், மைனஸ் என்று சில்லறைகளும் உண்டு. கிரெடிட்டைப் புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் சராசரி வந்துவிடும். கிரெடிட் எடை, புள்ளி விலை, அவ்வளவுதான்.

ஒரு பையன் வீட்டுக்கு வந்து, “ஒரு பாடத்தில் ஏ, ஒரு பாடத்தில் டி, வாப்பா” என்கிறான். நாம் 4-ஐயும் 1-ஐயும் கூட்டிப் பாதியாக்கி, 2.50, பரவாயில்லை என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் ஏ வாங்கியது 1 கிரெடிட் உள்ள சிறு பாடம். டி வாங்கியது 4 கிரெடிட் உள்ள பெரிய பாடம். நான்கு வெள்ளி அரிசி ஒரு கிலோ, ஒரு வெள்ளி அரிசி நாலு கிலோ என்று கலந்தால் கிலோ என்ன விலை? எட்டு வெள்ளியை ஐந்தால் வகுத்தால் 1.60. கோட்டுக்குக் கீழே! எனவே பிள்ளையிடம், “எத்தனை ஏ?” என்று மட்டும் கேட்காதீர்கள், “எத்தனை கிரெடிட் பாடத்தில்?” என்று சேர்த்துக் கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பருவத்துக்கு 15 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் 1.60 எடுத்தவன், மொத்தச் சராசரி 2.00 ஆக வேண்டுமானால் இரண்டாம் பருவத்தில் 2.40 எடுக்க வேண்டும். இரண்டு பருவமும் 1.60 ஆகிவிட்டால் மூன்றாவதில் 2.80 வேண்டும். மூன்று பருவமும் அப்படியே போனால் நாலாவதில் 3.20 வேண்டும். சி-யும் டி-யும் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒவ்வொரு பாடத்திலும் பி-க்கு மேலே வாங்குவது எப்படி? பழைய பாக்கியைத் தீர்க்காமல் மேலும் மேலும் சரக்கு எடுத்தவன் நிலைதான். வியாதியை முதல் பருவத்திலேயே பார்த்தால் மருந்து சின்னது.

பருவத்துச் சராசரி வேறு, ஒட்டுமொத்தச் சராசரி வேறு. இரண்டும் தாளில் தனித்தனியே அச்சாகியிருக்கும். இரண்டையும் கோட்டுக்கு மேலே வைத்திருப்பதே ஜாக்கிரதை. உபகாரச் சம்பளம் தரும் தனியார் நிறுவனங்களில் 3.00, 3.50 என்று கோட்டை உயர்த்தி வைப்பவையும் உண்டு. கடன் என்பது வேறு, பல்கலைக்கழகத்தின் சொந்தச் சட்டம் வேறு என்பதையும் மறக்கலாகாது. தொடர்ந்து கீழே இருப்பவனைப் பல்கலைக்கழகம் எச்சரித்து, பின்னர் வெளியேற்றியும் விடும். அப்போது பட்டம் இல்லை. வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். மறுமை வரைக்கும் தொடரும் பொறுப்பு அது.

காலக்கெடுவும் உண்டு. ஒப்பந்தத்தில் குறித்த படிப்புக் காலத்துக்குத்தான் கடன். பாடங்களைத் திரும்பத் திரும்ப எழுதிக் காலம் நீண்டால் மிச்சச் செலவு நம்முடையது. அமெரிக்காவிலும் மத்திய சர்க்கார் கல்வி உதவிக்கு இப்படியே. நாலு வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடிக்கும் வேகத்தில் போக வேண்டும். எடுத்த பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறிக்கொண்டே வர வேண்டும். நம் நாட்டில் மட்டும் கெடுபிடி என்று குறைபட்டுக்கொள்ள இடமில்லை.

பிள்ளைக்கு நோய் வந்து படிக்க முடியாமற் போனால், பரீட்சை எழுதித் தோற்பதைவிட, பருவத்தைத் தள்ளிவைக்க முறைப்படி விண்ணப்பிப்பது மேல். அதைப் பல்கலைக்கழகத்துக்கும் கடன் கொடுத்த இடத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். படிப்பை மாற்றுவதானாலும், வேறு கல்லூரிக்குப் போவதானாலும் அப்படியே. கேட்காமல் மாறிவிட்டுப் பின்னால் பணம் வரவில்லை என்று ஓடுவது வீண் அலைச்சல்.

நம்மவரிடம் நேராகச் சொல்ல வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. கம்பாரும் தஞ்சோங் மாலிமும் செமோருக்குத் தூரமில்லை. தூரமில்லாததனாலேயே வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளை வந்து, ஞாயிறு இரவு வரை கல்லாவில் உட்காருகிறான். மகளானால் அடுப்படியில் நிற்கிறாள். ஒத்தாசை நல்ல குணம்தான். பரீட்சைக்கு முந்திய மூன்று வாரம் மட்டுமாவது அவர்களை விட்டுவிடக் கூடாதா? ஒரு கூலியாளுக்கு மூன்று வாரச் சம்பளம் எவ்வளவு, நின்றுபோகும் ஒரு தவணை எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தால் லாப நஷ்டம் விளங்கிவிடும்.

பெருநாள் வியாபாரத்தையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 11 நாள் குறைவானதால் ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. போன வருடம் விடுமுறையில் வந்த பெருநாள் இன்னொரு வருடம் பரீட்சை வாரத்தில் வந்து நிற்கும். பருவம் தொடங்கும்போதே பல்கலைக்கழக நாட்காட்டியையும் நம் கடைச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆள் ஏற்பாட்டை முன்னரே செய்துகொள்ள வேண்டும்.

முடிவுத் தாளைப் பிள்ளைகள் மறைப்பதும் உண்டு. ஏச்சுக்குப் பயந்துதான். கடன் புத்தகத்தில் பாக்கி வைத்த வாடிக்கைக்காரரிடம் நாம் எவ்வளவு பதமாகப் பேசுகிறோம்! அந்தப் பதத்தில் பாதியைச் சொந்தப் பிள்ளையிடம் காட்டினால் தாள் தானாக மேஜைக்கு வரும். பாட ஆலோசகர் என்று ஓர் ஆசிரியரைப் பல்கலைக்கழகமே அவனுக்கு நியமித்திருக்கும். அவரைப் போய்ப் பார்த்தானா என்றும் விசாரியுங்கள்.

இந்தக் கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் பிள்ளையின் முடிவுத் தாளுடன் ஜும்ஆ தொழுகைக்குப் பின் சங்கத்துக்கு வரலாம். கூட்டிப் பெருக்கும் யந்திரத்தை என் கடையிலிருந்து கொண்டுவருகிறேன், இன்ஷா அல்லாஹ்.