சூரியகாந்தியில் கிளித் தொல்லை

சூரியகாந்தி மணி பிடித்ததும் காலையிலும் மாலையிலும் கிளிகள் கூட்டமாகப் பாய்ந்து இறங்கும். தின்பதோடு நில்லாமல் மணிகளைக் கொட்டியும் பாழாக்கும். தனித்து நிற்கும் வயலுக்கே சேதம் அதிகம். ஆகவே அண்டை வயல்காரருடன் பேசி, ஒரே சமயத்தில் விதையுங்கள்.

மணி பால் பிடிக்கும்போதே, ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளி நிறமுமான மினுக்கு நாடாவைப் பயிருக்கு ஓரடி மேலே, 5 மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு மூன்று முறுக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். வடக்குத் தெற்காகக் கட்டினால் காலை, மாலை வெயிலில் நன்கு பளிச்சிடும், காற்றில் இரையும். வைக்கோல் பொம்மை போதாது. சில நாளில் கிளி அதன் தலையிலேயே உட்காரும்! நாடாவுக்கும் அது பழகிவிடலாம். எனவே அவ்விரு வேளையும் தகரம் தட்ட ஆள் வேண்டும்.

கிளியைப் பிடிப்பதும், கொல்வதும், கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பூவின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளானதும் தாமதியாமல் அறுத்துக் களத்தில் காய வையுங்கள்.