அடிபட்ட வண்டிக்கு நாள் வாடகையா?

சென்ற மாதம் ஒரு குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சந்தா வசூல் முடிந்து, உள்கடன் மனுக்கள் படிக்கும் நேரம். ஒரு உறுப்பினர் எழுந்து, "அவசரமா பதினாறாயிரம் வேணும். ஷெட்டுல கட்டினாத்தான் வண்டியை விடுவாங்களாம். இன்னிக்குத் தேதிக்கு இவ்வளவு, நாளைக்குன்னா இன்னும் முந்நூறு சேரும்" என்றார்.

வண்டி என்றால் குட்டி யானை. குழு மூலம் வாங்கிய கடனில் எடுத்தது, ஆர்.சி. புத்தகம் அந்த உறுப்பினர் பெயரில். கணவர் காய்கறி ஏற்றிப் போகும்போது விடியற்காலையில் நான்குவழிச் சாலையில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேறு யாருக்கும் அடி இல்லை. வண்டி ஓடினால்தானே தவணை கட்ட முடியும்? இங்கே வண்டி நின்றுகொண்டே கடனை வளர்க்கிறது.

"பாவம், கஷ்டத்துல இருக்கிறப்ப கேள்வி கேக்காம குடுத்துடுங்க" என்று பலர் சொன்னார்கள். பொருளாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் குடுத்தாலும் வவுச்சர் எழுதுறோம். பதினாறாயிரத்துக்கு பில் எங்கே?" என்று கேட்டார். பில் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் மூன்று வரி: ரெக்கவரி வண்டி 6,500. ஷெட்டில் நிறுத்திய வாடகை 19 நாளுக்கு 5,700. கழற்றி மாட்டிய கூலி 4,000. ஆக 16,200 ரூபாய். ஷெட்டின் பெயரோ, தேதியோ, கையெழுத்தோ அதில் கிடையாது.

இது எப்படி நடந்தது என்று விசாரித்தோம். விபத்து நடந்து அரை மணி நேரத்துக்குள் ரெக்கவரி வண்டி வந்து நின்றிருக்கிறது. யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. "எல்லாம் சொல்லிட்டுத்தான் எடுக்கிறோம், நீங்க ஆளைப் பாருங்க" என்றிருக்கிறார்கள். ஆளைப் பார்க்கிற பதற்றத்தில் யார் கூலி பேசுவார்கள்? மறுநாள் ஷெட்டிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, இன்சூரன்சுக்கு வேண்டும் என்று கணவரின் தம்பியிடம் வெறும் பேப்பரில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். வெறும் பேப்பரில் கையெழுத்துப் போடாதே என்று எல்லாப் பயிற்சியிலும் நாம் படிக்கிறோம். ஆனால் அந்தப் பயிற்சிக்குக் கொழுந்தன் வருவதில்லையே!

முதலில் நாங்களும் தவறான யோசனைதான் சொன்னோம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். விபத்து நடந்த மூன்றாம் நாள் அந்த உறுப்பினர் போனில் கேட்டபோது, "சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியை அசைக்காதீங்க" என்றோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவலே போகவில்லை என்பதையோ, நிற்கிற ஒவ்வொரு நாளும் முந்நூறு ரூபாய் என்பதையோ நாங்கள் கேட்கவில்லை. அன்றே கம்பெனிக்குப் போன் செய்து, எந்த ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று கேட்டு வண்டியை மாற்றியிருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 127-ஆம் பிரிவுப்படி, சாலையில் இடைஞ்சலாகக் கிடக்கும் சேதமான வண்டியை அப்புறப்படுத்தும்படி அந்தப் பகுதிப் போலீஸ் அதிகாரி உத்தரவு கொடுக்கலாம். இழுத்துப் போன செலவு வண்டி உரிமையாளருடையது. ஆகவே கூலியே தரமாட்டோம் என்று நாம் சண்டை போட முடியாது. வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டியதுதான். எத்தனை கிலோமீட்டர், என்ன கூலி, யார் சொல்லி எடுத்தது என்பதைக் கேட்டு பில் வாங்குவது நம் உரிமை. சுங்கச்சாவடி உள்ள தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். ரோந்து வண்டியும் கிரேனும் அதன் வழியாகவே வரும். யாரோ ஒருவர் வந்து கொக்கி மாட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, பணம் கட்டாமல் வண்டியைத் தரமாட்டேன் என்று பிடித்து வைப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 170-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. நாம் ஒப்படைத்த பொருளின்மேல் உழைப்பையோ திறமையையோ காட்டி வேலை செய்தவர், அந்தக் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வாங்கும்வரை வியாபாரி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. தையல்காரர் உதாரணமும் இருக்கிறது: தைத்து முடித்ததும் கொடுக்கிறேன், பணம் மூன்று மாதம் கழித்துத் தந்தால் போதும் என்று அவர் சொல்லியிருந்தால், துணியைப் பிடித்து வைக்க முடியாது. நம் தையல் குழுக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். நாம் சொல்லாமல் கழற்றியதும், சும்மா வெயிலில் நிறுத்தி வைத்ததும் இப்படிப்பட்ட வேலை ஆகாது. வாடகை இவ்வளவு என்று முன்னாலேயே பேசியிருந்தால் அது வேறு விஷயம். அதனால்தான் அந்த வெறும் பேப்பர் கையெழுத்து ஆபத்தானது; அதில் பின்னால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அந்த உறுப்பினர், குழுப் பிரதிநிதி, நாங்கள் என மூன்று பேர் ஷெட்டுக்குப் போனோம். போகும்முன் டவுனில் வேறு இரண்டு ரெக்கவரி வண்டிக்காரர்களிடம் அதே 14 கிலோமீட்டருக்கு விலை கேட்டோம். ஒருவர் 3,000 என்றார், இன்னொருவர் 3,500 என்றார். ஷெட்காரர் முதலில் பிரதிநிதியைப் பார்த்து, "நீ யாரும்மா? வீட்டு ஆம்பளைங்க வரட்டும், பேசிக்கலாம்" என்றார். பிரதிநிதி அசரவில்லை. "ஆர்.சி. இவங்க பேர்ல இருக்கு. கடனுக்குக் கையெழுத்துப் போட்டது நாங்க. எங்ககிட்டதான் பேசணும்ணே" என்றார்.

நாங்கள் கேட்டவை இவ்வளவுதான்: பில் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள். நாள் வாடகை என்று போர்டு எங்கே? கழற்றச் சொன்னது யார்? தம்பி கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டுங்கள். பேப்பரைத் தேடுகிறேன் என்று உள்ளே போனவர் அரை மணி நேரம் வரவில்லை. அதற்குள் வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, கழற்றிக் கிடந்த சாமான்களைக் குறித்துக்கொண்டோம். பிறகு பேச்சு இறங்கியது. ரெக்கவரிக்கு 3,500, நிறுத்தியதற்கு 2,000, மாட்டிக் கொடுக்க 1,000, மொத்தம் 6,500 ரூபாய், ரசீதுடன். கையெழுத்துப் பேப்பரையும் திருப்பி வாங்கினோம். நிறுத்தியதற்கு 2,000 கூடக் கொடுத்திருக்கக் கூடாது என்று எங்களில் ஒருவர் இன்றும் சொல்கிறார். ஆனால் இன்னும் பத்து நாள் இழுத்தால் ஓட்டம் இல்லாமல் போகும் வருமானம் அதைவிட அதிகம். உறுப்பினர்தான் முடிவெடுத்தார், எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. குழு அந்த 6,500-ஐ உள்கடனாகக் கொடுத்தது.

ஷெட்காரர் இறங்கி வராவிட்டால் என்ன செய்வது? வண்டியை ராத்திரியில் தள்ளிக்கொண்டு வரும் யோசனை வேண்டவே வேண்டாம். நம்மேல் கேஸ் வரும். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் உண்டு. இது 1987-ஆம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை. போன் எண் 15100. நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது.

இன்சூரன்ஸ் பணம் எவ்வளவு வரும் என்று பலர் கேட்கிறார்கள். முழு பாலிசியில் இழுத்துப் போகும் செலவுக்கு ஒரு வரம்பு உண்டு. வழக்கமான பாலிசியில் டூவீலருக்கு 300, மூன்று சக்கர வாடகை வண்டிக்கு 750, சொந்தக் காருக்கு 1,500, குட்டி யானை போன்ற சரக்கு வண்டிக்கு 2,500 ரூபாய். கூடுதல் பிரீமியம் கட்டினால் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் ஒரு பைசாவும் வராது. நம் உறுப்பினருக்கு ரசீதைக் காட்டியதால் 2,500 வந்தது. துண்டுச் சீட்டைக் காட்டியிருந்தால் அதுவும் வந்திருக்காது.

பிறருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டுப் போலீஸ் கேஸ் ஆகிவிட்டால் கதை வேறு. வண்டி ஸ்டேஷனுக்குப் போகும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். 136-ஆம் பிரிவுப்படி, சோதனைக்கு எடுத்துப் போன இடத்தை உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். வேலை முடித்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வண்டியைக் கைப்பற்றியதாகக் காட்டிவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு எடுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 497, 503 ஆகிய பிரிவுகள் இதற்கு. வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைப்பதில் பயனில்லை, போட்டோ எடுத்துப் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் மட்டும் பிணைத்தொகை கட்டாமல் வெளியே வராது. ஸ்டேஷன் வாசலில் மரத்தடியில் துருப்பிடித்து நிற்கும் வண்டிகளில் பல, உரிமையாளர் மனுவே போடாத வண்டிகள்தான்.

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாலிசி நகலைக் கொண்டு வரவும். இழுத்துப் போகும் செலவுக்கு எவ்வளவு வரம்பு போட்டிருக்கிறது என்று சேர்ந்து படிப்போம். வண்டி ஓட்டும் கணவர், மகன், கொழுந்தன் யாராவது வந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். அந்த ஒரு கூட்டத்தில் அவர்களும் உட்காரலாம் என்று கூட்டமைப்பில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.