சென்னைக்குக் குடிபோக வேண்டுமா?

என் மகள் வயலின் கற்கிறாள். முன்னுக்கு வரச் சென்னைக்கே குடிபோக வேண்டுமா?
– ஒரு வாசகி, அரியலூர்

இப்போது வேண்டாம், அம்மா. அரியலூரில் ரயில் ஏறினால் திருச்சிக்கு முன்பே வருகிற லால்குடியை எண்ணிப் பாருங்கள். 1930-இல் பிறந்த வயலின் கலைஞர் லால்குடி ஜெயராமன், தந்தை கோபாலய்யரிடம் வீட்டிலேயே கற்று, 12 வயதில் பக்கவாத்தியம் வாசிக்க மேடையேறினார். பாடுவதுபோலவே வாசிக்கும் அவருடைய பாணிக்கு அடித்தளம் அந்த வீட்டுச் சாதகம்தான். சென்னை பிற்பாடு தந்தது பெரிய மேடைகளை. ‘அவருக்கு வீட்டிலேயே குரு இருந்தார், எங்களுக்கு?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. பெரம்பலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வயலின் உண்டு. 3 ஆண்டுப் படிப்பு. கூடவே வாய்ப்பாட்டும் பயிலட்டும். வாயில் பிடிபடாத சங்கதி வில்லில் வருவது கடினம். கச்சேரிக்கு அழைப்புகள் பெருகும்போது சென்னையை யோசிக்கலாம்.