மலைத்தோட்டப் பெண்களின் மனச்சுமை



பாலக்காட்டு நெல்லியாம்பதி முதல் இடுக்கியின் மூணாறு, பீர்மேடு, குமுளி வரை, கேரளத்தின் எல்லையோர மலைத்தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகிறார்கள். தேவிகுளம் பகுதியில் கொழுந்து எடுத்த குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்தப் பெண்களின் கூலியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய மனத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பணநெருக்கடியும் வேலைமுறையும் ஒரு பெண்ணின் மனநலத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை, அவர்களுடைய வாழ்க்கையைப் பாடமாகக் கொண்டு இங்கே ஆராய விரும்புகிறேன்.

யார் இவர்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடு வெட்டித் தோட்டம் போட்டபோது, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த ஏழைக் குடும்பங்களின் வாரிசுகள் ஒரு சாரார். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது தேவிகுளமும் பீர்மேடும் அதனுள் அமைந்தன. இருந்த இடத்திலேயே இவர்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். மற்றொரு சாரார் கம்பம், போடி பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெண்கள். பொழுது விடியும் முன்பே சோறாக்கி வைத்துவிட்டுத்தான் இவர்கள் புறப்பட முடியும். வீடு திரும்பியதும் மறுபடியும் அடுப்படிதான்.

சுமை எங்கிருந்து வருகிறது?

தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலி பெறுவதற்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்ற அளவு உண்டு. அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் கொழுந்து பெருகும். கோடையில் அளவை எட்டுவதே பெரும்பாடு. ஆகவே வருமானம் வானத்தைப் பார்த்தே இருக்கிறது. பள்ளிக் கட்டணமும் கடன்வட்டியும் வானத்தைப் பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய கவலை வீடு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரைதான் அது கிடைக்கும். தாய் ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் அதே வேலைக்கு வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளையைப் படிக்க வைத்து மலையிறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற தாய்க்கு, அந்த ஆசையே கூரைக்கு ஆபத்தாக வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட முடிச்சு வருடக்கணக்கில் நெஞ்சில் கிடந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை கடுமையாக இருப்பது மட்டும் மனத்தை நைந்துபோகச் செய்வதில்லை. கடுமையான வேலையில் தன் இஷ்டப்படி எதையும் தீர்மானிக்க முடியாத நிலையும் சேரும்போதுதான் மன அழுத்தம் மிகுகிறது என்பது அதன் சாரம். எந்தக் காட்டில் எடுப்பது, எத்தனை கிலோ எடுப்பது, எப்போது ஓய்வது என்று எதையுமே தான் முடிவு செய்ய முடியாத கொழுந்துக்காரிக்கு இது அப்படியே பொருந்துகிறது. வீட்டில் சம்பளப் பணத்தின் மீதும் அவளுக்கு உரிமை இல்லையென்றால், சுமை இரட்டிப்பாகும்.

2015 தரும் பாடம்

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை நாம் மறக்கலாகாது. அப்போது நாட்கூலி 232 ரூபாய். கண்ணன் தேவன் தோட்டக் கம்பெனி 10 சதவீத போனஸ் அறிவித்தது. 20 சதவீத போனஸும் 500 ரூபாய் கூலியும் கேட்டு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகில் விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் நாடெங்கும் ஒலித்தது. போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கூடவே எடுக்க வேண்டிய அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது.

பணக்கணக்கில் இது பாதி வெற்றிதான். ஆனால் மனக்கணக்கு வேறு. ‘என் தலையெழுத்து’ என்று தனித்தனியே நினைத்திருந்த துன்பம், பக்கத்து லயத்துக்காரிக்கும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு, அதைக் கேட்கவும் முடியும் என்று தெரிந்தது. தன்மீதே பழி போட்டுக்கொள்ளும் மனத்துக்கு இந்தத் தெளிவே முதல் மருந்து.

அடையாளம் காண்பது எப்படி?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காணப்படுகிறது. ஆனால் நம் பெண்கள் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லுவதில்லை. தலைவலி, இடுப்புவலி, நெஞ்சு படபடப்பு, “உடம்பே அசதியா இருக்கு” என்றுதான் சொல்லுவார்கள். வலி மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடும். உடம்புக் கோளாறு உண்டா என்று மருத்துவரிடம் காட்டுவது அவசியமே. அதோடு தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. அவர்களைத் தனியே விடவும் கூடாது.

மலையாளத்தில் விளக்கிச் சொல்லத் தயங்கும் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஊரிலுள்ள உறவினருக்கு எழுதி அனுப்புங்கள்.

நமக்கும் இது பொருந்தும்

நகரத்தில் குடியேறிவிட்ட நம் வீடுகளிலும் கடைசியாக உண்டு, முதலில் எழுந்து, வேலைக்கும் போய்வரும் பெண்கள் உண்டு. அவர்களை “பொறுமைசாலி” என்று புகழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. வேலையையும் பணத்தையும் பற்றிய முடிவுகளையும் பங்கிட்டுக் கொள்வதே உண்மையான ஆறுதல்.

குடும்பத்தோடு அமர்ந்து கலந்து பேசச் சில கேள்விகள்:

1. நம் வீட்டில் பெண்கள் சம்பாதிக்கும் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்பவர் யார்?

2. வீட்டுப் பெண்களுக்கு ஒரு நாளில் தமக்கென்று எவ்வளவு நேரம் கிடைக்கிறது?

3. அம்மா “உடம்பு சரியில்லை” என்று கடைசியாகச் சொன்னது எப்போது? அதற்கு மேல் நாம் என்ன கேட்டோம்?