பேர் வெட்டும் உளி: தேர்வும் தீட்டலும்

கோயிலுக்குக் குத்துவிளக்கு உபயம் கொடுத்தால் அடியில் பேர் வெட்டுவது நம்ம வழக்கம். கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை பக்கம் எத்தனையோ தோட்டங்கள் கைமாறி, லயன் வீடுகள் போய்விட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் பேர் சில இடங்களில் விளக்கில் மட்டும்தான் மிச்சம். அதுவும் வாராவாரம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கிக்கிட்டே வருது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய விகாரத்துக்கு இராஜராஜ சோழன் கொடுத்த ஆனைமங்கலம் செப்பேடுகள், 21 ஏடுகள், ஆயிரம் வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. ஆழமாக வெட்டிய எழுத்து சீக்கிரம் போகாது.

மங்கிய பேரை மறுபடி வெட்ட முதலில் உளி வேணும். பழைய அரத்தைத் தேய்த்தே செய்யலாம். அது கார்பன் எஃகு. ஆனால் சாணைச் சக்கரத்தில் சூடேறி நீலம் பாய்ந்தால் கடினம் போச்சு. அடிக்கடி தண்ணீரில் நனையுங்க. ஹைஸ்பீடு ஸ்டீல் இந்தச் சூட்டைத் தாங்கும். புதுசா பழகுறவங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். டங்ஸ்டன் கார்பைடு ரொம்பக் கடினம், ஆனால் முனை பொட்டென்று உடையும். தீட்ட வைரக்கல் வேறு வேணும்.

தீட்டுவதில்தான் விஷயமே இருக்கு. பால் வெட்டும் உளியைத் தாத்தா பாட்டி தீட்டிப் பார்த்திருப்பீங்க. மழுங்கினால் பட்டையைச் சீவாமல் மரத்தைக் காயப்படுத்தும். இதுவும் அப்படித்தான். சதுர உளியின் முகத்தைப் பித்தளை, செம்புக்குச் சுமார் 45 டிகிரி சாய்வில் தீட்டுங்க. எஃகு மாதிரி கடினமானதுக்கு 50, 55 என்று நிமிர்த்தணும். முனைக்குப் பின்னால் அதிக உலோகம் நின்றால்தான் உடையாது. அடுத்து அடிப்பக்கம். முனையை ஒட்டி இரு பக்கமும் சின்னதாக, சமமாக, 15 முதல் 20 டிகிரி தூக்கிவிடணும். பலர் விட்டுவிடும் வேலை இது. தூக்கல் இல்லாவிட்டால் ‘ழ’, ‘ண’ சுழியில் உளி திரும்பாது. கோட்டின் ஓரம் பிசிறும். ஒரு பக்கம் கூடினால் வெட்டு சரியும்.

முனையை விளக்கு வெளிச்சத்தில் பாருங்க. வெள்ளைப் புள்ளி மின்னினால் இன்னும் மழுங்கல்தான். கட்டைவிரல் நகத்தில் லேசா வையுங்க. வழுக்காமல் பிடித்தால் தயார். அழுத்தித் தள்ள வைப்பது மழுங்கிய உளி; வழுக்கினால் நேரா இடது கைக்குத்தான் போகும். அந்தக் கையை எப்பவும் முனைக்குப் பின்னாலேயே வையுங்க. விளக்கைத் தொடுவதற்கு முன் பழைய பித்தளைத் தகட்டில் உங்க பேரைப் பத்துத் தடவை வெட்டிப் பழகுங்க.