உறக்கமும் உடல் எடையும்

வைகறை நான்கரை மணிக்கெல்லாம் பால்மரம் வெட்டுவோர் வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். செம்பனை பெருகிவிட்ட இந்நாளிலும், நியாலாஸ் வட்டாரத்தில் எஞ்சியுள்ள ரப்பர்க் காடுகளில் விடியலே வேலை நேரம். குளிர்ந்த வேளையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற, இலைகள் நீரை ஆவியாக வெளியிடுவதால் அழுத்தம் தணிந்து பாலும் குறையும். ஆதலின், மரத்தின் நேரத்திற்கு நாம் இசைந்து எழுகின்றோம். ஆனால், அதற்கேற்ற நேரத்தில் படுக்கின்றோமா?

இரவு பதினொரு மணி வரை தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பொழுதைப் போக்கிவிட்டு நான்கரைக்கு எழுபவருக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேர உறக்கமே. பெரியவர்களுக்கு நாள்தோறும் ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் கருத்தாகும்.

இக்குறைபாடு சோர்வை மட்டும் தருவதன்று. உடல் எடையையும் கூட்டவல்லது. 2004ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமிக்க இளைஞர் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டனர். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டபோது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் என்னும் இயக்குநீர் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. இனிப்பும் மாவுப்பண்டமும் உண்ணும் ஆவல் மிகுந்தது. உறக்கம் கெட்ட மறுநாள் இனிப்புத் தேநீரும் ரொட்டி சானாயும் நம்மை ஈர்ப்பதன் காரணத்தை இங்கே காணலாம்.

"நிரை நிரையாக நடந்து பால் சுமக்கும் நமக்கு எடை ஏறுமா?" என வினவலாம். உழைப்பு நண்பகலோடு முடிகிறது; உணவோ இரவு வரை தொடர்கிறது. உழைப்பால் கரைவதைவிட உண்பது மிகுந்தால் எடை ஏறவே செய்யும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள். இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் இதன் வழியே வருகின்றன. நோய் வந்தபின் ஒரு நாள் கூலியை இழந்து மருந்துக்குக் காத்திருப்பதினும், முன்பே காத்துக்கொள்ளுதல் நன்று.

இனி, பகலுறக்கம். 'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்பது பழமொழி. பகலில் கண்ணயர்வது குற்றமன்று. சென்னையில் குறைந்த வருவாயுடைய தொழிலாளர் 452 பேரிடம் நடந்து, 2021இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்றாகும். அவர்கள் எட்டு மணி நேரம் படுத்தும், ஐந்தரை மணி நேரமே உறங்கினர். அமைதியான இடத்தில் அரை மணி நேரம் பகலில் உறங்கியவர்களுக்கு வேலைத்திறனும் மனநலமும் உயர்ந்தன.

அளவு மிஞ்சினாலோ நிலைமை வேறு. ஸ்பெயின் நாட்டின் முர்சியா பகுதியில் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணிக்கு மேல் பகலில் உறங்கியோரிடம் உடல் பருமன் மிகுந்து காணப்பட்டது. குறைவாக உறங்கியோரிடம் அவ்வாறில்லை. நெடிய பகலுறக்கமே பருமனுக்குக் காரணம் என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. பருத்த உடலும் பகல் தூக்கத்தைத் தரலாம். ஆயினும், வயிறு நிறைய உண்டு மாலை வரை தூங்கினால் இரவில் உறக்கம் தள்ளிப்போகும். மறுநாளும் அதே கதை தொடரும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. மதிய உணவில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவோம். மூன்று மணிக்கு முன் அரை மணி நேரம் மட்டும் கண்ணயர்வோம். மாலையில் தேநீரையும் காப்பியையும் தவிர்ப்போம். இரவு ஒன்பதரைக்குள் விளக்கை அணைத்தால் ஏழு மணி நேரம் நமக்குக் கிடைத்துவிடும். கொசுவும் புழுக்கமும் உறக்கத்தைக் கெடுக்காவண்ணம் கொசுவலை கட்டிக் காற்றோட்டத்திற்கும் வழி செய்வோம். மழையால் வெட்டு இல்லாத நாளிலும் வழக்கமான நேரத்தை ஒட்டியே எழுவோம். உரத்த குறட்டையும், நடுவே மூச்சுத் தடைபடுதலும், பகலெல்லாம் அயர்வும் உடையோர் அரசாங்க மருந்தகத்தை நாடுதல் வேண்டும்.

இவற்றால் பயனுண்டா? 2022இல் வெளியான மற்றொரு சிகாகோ ஆய்வில், மிகை எடையும் குறையுறக்கமும் உடைய 80 பேரில் ஒரு பகுதியினர் உறக்கத்தை ஒரு மணிக்குச் சற்றே மேல் கூட்டினர். உணவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லாமலேயே, மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைவாக உண்டனர். அது ஒரு கிண்ணச் சோற்றினும் மிகுதி.

பட்டையை ஆழ வெட்டினால் மரம் காயப்படும் என்பதை நாம் அறிவோம். மரத்திற்குக் காட்டும் அக்கறையை நம் உடலுக்கும் காட்டுவோமாக.